இரண்டாம் இரவின் எண்கள்

அந்தோஃபகாஸ்தா, சிலி
2 பிப்ரவரி 2025

அத்தான்,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை வருகிறது, இனிமேல் எழுதிக்கொள்வோம் என்று நீங்கள் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கட்டிய பெண்டாட்டியோடு யாராவது மெயிலில் குடும்பம் நடத்துவார்களா? இப்போது யோசித்தால் அதுவும் நல்லதற்குத்தான் என்று படுகிறது. எழுத்தில் நீங்கள் குரலை உயர்த்த முடியாது. நான் பாதியில் போனை வைக்கவும் முடியாது.

நீங்கள் அளந்து அனுப்பிய நட்சத்திர ஒளியின் எண்கள் வந்துசேர்ந்தன. ஜனவரி இருபத்தொன்று, இருபத்திரண்டு, இரண்டு இரவும். பார்த்ததும் அறைக்குள் எழுந்து நின்று கத்திவிட்டேன். பக்கத்து அறைப் பெண் கதவைத் தட்டி ஏதோ கேட்டாள். என்னுடைய ஸ்பானிஷில் அவளுக்கு என்ன விளங்கச் சொல்வது? சிரித்துவைத்தேன்.

ஆறு வருடமாக நம் இரட்டை நட்சத்திரத்தின் பின்னால் அலைகிறோம். நூற்றுத் தொண்ணூற்றேழு நாளுக்கு ஒருமுறைதான் பெரியது சின்னதை முழுக்க மறைக்கிறது. அந்த மறைவும் ஒன்று நட்சத்திரம் சூரியனோடு சேர்ந்து பகலில் நிற்கும் மாதங்களில் வரும், இல்லையென்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும். 2023 டிசம்பரில் வந்தபோது நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன், வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. இந்த ஒருமுறைதான் வானம் வழிவிட்டது. இங்கே மலைமேல் இருக்கும் பெரிய தொலைநோக்கிகளுக்கு இந்த நட்சத்திரம் கண் கூசும் வெளிச்சம், அதனால் யாரும் நேரம் ஒதுக்க மாட்டார்கள். நீங்கள் வேலை பார்க்கும் மீமிசல் ஐஸ் கம்பெனி மொட்டைமாடியில் இருக்கும் சின்னத் தொலைநோக்கிக் குழாயை நம்பித்தான் இவ்வளவு பெரிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று இங்கே சொன்னால் சிரிப்பார்கள். நான் சொல்லிவிட்டேன். சிரித்தார்கள்.

மற்ற நாட்களில் இரண்டின் ஒளியும் கலந்தேதான் வருகிறது. ஒன்று மறைந்திருக்கும் அந்த நாற்பது மணி நேரத்தில்தான் மற்றதின் நிறம் என்ன என்று தனியாகத் தெரியும். நீங்கள் பக்கத்தில் இல்லாமல் என் நிறம் என்ன என்று இங்கே வந்துதான் பார்க்கிறேன். அப்படியொன்றும் நன்றாக இல்லை.

என் வேலை டிசம்பரோடு முடிகிறது. நம் நட்சத்திரத்தின் தூரத்தை இரண்டு சதவீதப் பிழைக்குள் சொல்லும் கட்டுரை ஜூனுக்குள் போனால் இன்னும் மூன்று வருடம் நீட்டிப்பதாகக் குழுத்தலைவி சொல்லியிருக்கிறார். நீட்டிக்கக் கூடாது என்று நீங்கள் வேண்டிக்கொண்டிருப்பீர்கள். தெரியும்.

ஒன்று கேட்க வேண்டும். அப்பா ஏன் என்னோடு பேசுவதில்லை? இந்த வாரம் மூன்று முறை கீரமங்கலத்துக்குக் கூப்பிட்டேன். ஒருமுறை தோட்டத்தில் இருக்கிறார் என்றார் அம்மா. இன்னொரு முறை தூங்குகிறார். மூன்றாம் முறை டவர் இல்லை. நான் கிளம்பிய அன்று பஸ் ஏற்றிவிட வராதவர்தான், ஆனாலும் அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் பேசினாரே.

மதி

*

மீமிசல்
9 பிப்ரவரி 2025

மதி,

நீ கத்தியது இங்கே கேட்கவில்லை. ஐஸ் உடைக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

எண்களை வைத்து ரொம்ப ஆடாதே. முதல் நாள் கொஞ்சம் பனி இருந்தது. இரண்டாம் நாளும் அப்படி ஒன்றும் பெரிய சுத்தம் இல்லை. முதல் நாளை மட்டும் பிரதானமாக வைத்துக்கொள்வது நல்லது என்று எனக்குப் படுகிறது. நான் டிப்ளமோக்காரன், நீ பார்த்துச் செய்.

சவரியப்பன் இருக்கிறானே, விசைப்படகுக்கு ஐஸ் ஏற்ற வருபவன், அவன் மாடிக்கு வந்து கேட்டான். “ஏண்ணே, அம்புட்டு தூரத்த நாடா புடிச்சா அளக்குறீங்க?” நீ எனக்குச் சொன்னதை அவனுக்குச் சொன்னேன். அடுப்புக்கரி சிவப்பாக எரிகிறது, வெல்டிங் பொறி வெள்ளையாக எரிகிறது. ஒரே அளவு துண்டு என்றால் வெள்ளைதான் கூடுதல் வெளிச்சம். ஆக, நிறத்தைப் பார்த்தால் ஒரு சாண் பரப்பு எவ்வளவு ஒளி விடும் என்று சொல்லிவிடலாம். மொத்தம் எத்தனை சாண் என்பதை, ஒன்றை ஒன்று மறைக்க எடுத்துக்கொள்ளும் நேரமும் அவை ஓடுகிற வேகமும் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டையும் பெருக்கினால் உள்ளபடி எவ்வளவு ஒளி என்பது வந்துவிடும். அதில் நம் மாடிக்கு வந்து சேருவது எவ்வளவு என்று பார்த்தால் தூரம்.

சவரி பீடியை எடுத்துப் பற்றவைத்தான். “இதானாண்ணே? நடுக்கடல்ல அடுத்த போட்டு லைட்டப் பாத்து நாங்க சொல்றதுதானே. என்ன பல்புன்னு தெரிஞ்சா போதும்ல” என்றான். உன் படிப்பு முழுவதையும் ஒரு பீடி பற்றவைக்கும் நேரத்தில் முடித்துவிட்டான்.

மாமா நன்றாக இருக்கிறார். சம்பங்கிக்குத் தண்ணீர் கட்டுகிற நேரம், அதனால்தான் பேச வாய்க்கவில்லை. நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

இங்கே சாப்பாடு பரவாயில்லை. நானே பொங்கி நானே தின்கிறேன். நீ விட்டுப்போன நீலச் சேலை கொடியில் கிடக்கிறது, மடித்து வைக்கத் தோன்றவில்லை.

அருள்மணி

*

அந்தோஃபகாஸ்தா
16 மார்ச் 2025

அத்தான்,

தூரம் கிடைத்துவிட்டது. ஆயிரத்து முந்நூற்று நாற்பது ஒளியாண்டு, இருபத்தைந்து முன்னே பின்னே இருக்கலாம். இரண்டு சதவீதத்துக்குள். குழுத்தலைவி என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டாம் இரவைக் குறைத்து வைக்கச் சொன்னீர்கள், வைக்கவில்லை. அதுதான் இரண்டில் சுத்தமான இரவு. முதல் நாள் பனியில் தடுமாறிய நிறத்தை இரண்டாம் நாள்தான் நிலைநிறுத்துகிறது. உங்களுக்கு உங்கள் வேலைமேல் நம்பிக்கை இல்லை, எனக்கு இருக்கிறது. கட்டுரையில் உங்கள் பெயர் என் பெயருக்கு அடுத்து வரும்: அருள்மணி, மீமிசல்.

சந்தோஷமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

இங்கே மழையே கிடையாது. சூரியன் கடலில் விழுகிறது, நமக்குக் கடலில் எழுவதுபோல இல்லை. பதினான்கு மாதமாகியும் எனக்கு அது பழகவில்லை. சாயங்காலம் ஆனால் கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு வந்து சோறு வைப்பேன். ஒரு டம்ளர் அரிசி போட்டால் இரண்டு நாள் வருகிறது. நேற்று கடைக்காரரிடம் நன்றிக்குக் கிராசியாஸ் என்று சொன்னதைத் தவிர முழு நாளும் வாய் திறக்கவில்லை என்பது படுக்கும்போதுதான் உறைத்தது.

அப்பாவுக்குப் போனில் பேசிப் பதிவுசெய்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன். இதுவரை பதினொன்று. எல்லாவற்றிலும் நீலக் குறி விழுந்திருக்கிறது. கேட்கிறார், அத்தான். கேட்டுவிட்டு ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. தூரம் வந்துவிட்டது என்று நேற்று அனுப்பினேன், அதற்கும் நீலக் குறி மட்டும்தான். திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொள்வேன். “அங்கிட்டுப் போயி கெட, இங்கிட்டு வராத” என்று சொல்லியிருந்தால் அழுதுவிட்டு விட்டிருப்பேன்.

எனக்கு விளங்கிவிட்டது. ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தார், நான் திரும்பவில்லை, தலைமுழுகிவிட்டார். அப்படியானால் நானும் யாருக்காக வர வேண்டும்? மூன்று வருடத்துக்கும் கையெழுத்துப் போடுகிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? இதற்காவது நேராகப் பதில் எழுதுங்கள், சம்பங்கிக் கதை வேண்டாம்.

மதி

*

மீமிசல்
30 மார்ச் 2025

மதி,

மாமாவுக்கு உன்மேல் கோபம் இல்லை. இதை என் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன். இதற்குமேல் என்னால் எழுத முடியாது, கேட்காதே.

கையெழுத்துப் போடுவது உன் விருப்பம். ஆனால் அவர் தலைமுழுகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு போடாதே.

இன்னொன்று. இருபத்திரண்டாம் தேதி எண்களைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிடு. காரணம் கேட்காமல் எடுத்துவிடு. உன்னிடம் நான் இதுவரை எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை, போகாதே என்று சொன்னதைத் தவிர.

அருள்மணி

*

அந்தோஃபகாஸ்தா
6 ஏப்ரல் 2025

அருள்மணி அவர்களுக்கு,

காரணம் கேட்காமல் எடுக்கச் சொன்னீர்கள். கேட்கவில்லை, நானே தேடிக்கொண்டேன்.

ஒவ்வொரு படத்துக்கும் நட்சத்திரத்தின் ஒளியோடு வானத்தின் பின்னொளியையும் குறிப்பது நம் வழக்கம். யாரும் திரும்பிப் பார்க்காத பத்தி அது. இருபத்தொன்றாம் தேதி நள்ளிரவை ஒட்டித் தேய்பிறை நிலா எழுகிறது, பின்னொளி ஏறுகிறது, எண்கள் கொஞ்சம் ஆடத் தொடங்குகின்றன. சரி. இருபத்திரண்டாம் தேதியும் அதே நேரத்தில் பின்னொளி ஏறுகிறது, அதே நேரத்தில் எண்கள் ஆடுகின்றன. நிலா மறுநாள் முக்கால் மணி நேரம் தாமதமாக அல்லவா எழும்? அன்றைக்கு மட்டும் உங்களுக்காக முன்கூட்டியே வந்ததா?

முதல் நாள் எண்களை எடுத்து, பனியில் தடுமாறிய இடங்களை நிரவி, கடைசி இலக்கத்தில் இங்கே ஒன்று கூட்டி அங்கே ஒன்று குறைத்து, இரண்டாம் நாள் என்று அனுப்பியிருக்கிறீர்கள். நிலா எழும் நேரத்தை வைத்து அலையேற்றம் சொல்லும் ஊரில் பிறந்து வளர்ந்தவர் நீங்கள். மீமிசலில் மீன்கூடை தூக்குகிறவர்கூடச் செய்யாத தப்பு இது.

எனக்கு அழுகை வரவில்லை. எல்லோருக்கும் காட்டியாயிற்று. சுத்தமான இரவு என்று இரண்டாம் இரவைக் கொண்டாடியாயிற்று. உண்மையான இரவைவிடப் பொய்யான இரவு சுத்தமாக இருக்கும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏன் செய்தீர்கள்? மாடி ஏறச் சோம்பலா? இல்லை, இந்தக் கட்டுரை எப்படியாவது கெட்டால் நான் ஊர் வந்து சேர்வேன் என்ற கணக்கா? ஆறு வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு இரவு அனுப்பியிருக்கிறீர்கள். அதில் எத்தனை இரவு நீங்கள் மாடியில் இருந்தீர்கள்? எத்தனை இரவு பாயில் படுத்துக்கொண்டு எழுதினீர்கள்?

அப்பா நன்றாக இருக்கிறார் என்று எழுதுகிறீர்களே, அதை மட்டும் நான் எப்படி நம்புவது?

கலைமதி

*

மீமிசல்
27 ஏப்ரல் 2025

மதி,

மூன்று வாரமாக எழுதி எழுதி அழித்தேன். இன்று காலை கீரமங்கலம் போய் மாமா முன்னால் உட்கார்ந்து, “மாமா, நான் சொல்லிர்றேன். என்னால முடியல” என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நான் சொல்கிறேன்.

இருபத்திரண்டாம் தேதி சாயங்காலம் மாமா மீமிசல் வந்தார். தனியாக, இரண்டு பஸ் மாறி. கையில் ஒரு பை பலாப்பிஞ்சு. என்ன மாமா திடீரென்று என்று கேட்டேன். “எம் மகளக் கூட்டிட்டுப் போன நச்சத்திரம் எதுன்னு ஒருதடவ பாக்கணும் மாப்ள” என்றார். நீ ஞாயிற்றுக்கிழமை போனில் அந்த வாரம் மறைவு வருகிறது என்று சொன்னாயாம். அதை மனதில் வைத்திருந்திருக்கிறார்.

சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போனோம். தெற்கே கடலுக்குமேல் நட்சத்திரம் தாழ்வாகத்தான் இருந்தது, இருந்தாலும் தொடங்கிவிட்டேன். லேப்டாப் திரையில் புள்ளியைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார். “ரெட்டைன்னு சொன்னா. ஒண்ணுதானே தெரியுது?” என்றார். எப்போதும் ஒன்றாகத்தான் தெரியும் மாமா, இன்றைக்கு மட்டும் நிஜமாகவே ஒன்றின் ஒளிதான் வருகிறது, இன்னொன்று பின்னால் நிற்கிறது என்றேன். “பின்னாடி இருக்குன்னு எப்புடித் தெரியும்?” என்றார். நாளை வெளியே வரும் என்றேன். “வந்துரும்ல?” என்று கேட்டார். வந்துவிடும் என்றேன். சிரித்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தார். நான்காவது படம் எடுத்துக்கொண்டிருந்தேன். டம்ளர் விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினால், வாய் ஒருபக்கம் கோணியிருந்தது.

சவரியும் நானும் தூக்கிக்கொண்டு இறங்கினோம். 108 வர இருபது நிமிடம் ஆனது. அறந்தாங்கி தாண்டும்போது என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நாக்கு குழறினாலும் எனக்கு விளங்கியது. “மதிகிட்ட சொல்லிராதீங்க மாப்ள. புள்ள எல்லாத்தயும் போட்டுட்டு ஓடியாந்துரும்.” சரி மாமா என்றேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை, மதி. இன்றுவரை பேசவில்லை. வலது கை, வலது கால் வரவில்லை. சொல்வதெல்லாம் விளங்குகிறது. அவர் வாயால் கடைசியாகச் சொன்னது அதுதான். அதை நான் எப்படி மீறுவது?

காலையில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது உன் மெசேஜ் வந்தது, இரண்டாம் இரவு எப்படி என்று. மேகம் என்று சொன்னால் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துவிடுவாய். மிஷின் ரிப்பேர் என்றால் படம் அனுப்பு என்பாய். நான் மாடியில் இல்லை என்றால் எங்கே இருந்தேன் என்று கேட்பாய். உனக்குப் பொய் சொன்னால் பிடித்துவிடுவாய் என்ற பயத்தில்தான் எண்ணில் பொய் சொன்னேன். நிலாவை மறந்துபோனேன். அந்த வாரம் நான் வானத்தைப் பார்க்கவே இல்லை.

உன் குரல் பதிவுகளை அத்தை அவர் காதருகில் வைப்பார். முடிந்ததும் இடது கையால் மறுபடி என்று காட்டுவார். நீலக் குறி அப்படித்தான் விழுந்தது. கோபத்தில் பேசாமல் இருக்கிறார் என்று நீ எழுதியதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த இரவில் முதல் நான்கு எண்கள் உண்மை. மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எடுத்தது. மற்றது பொய். மற்ற நானூற்றுப் பதினொரு இரவும் நான் மாடியில்தான் இருந்தேன். நம்பு என்று சொல்லும் தகுதியை இழந்துவிட்டேன், அதனால் சொல்லவில்லை.

அருள்மணி

*

அந்தோஃபகாஸ்தா
11 மே 2025

அத்தான்,

வீடியோவில் அப்பாவைப் பார்த்தேன். அம்மா போனைத் தலைகீழாகப் பிடித்துவிட்டார், முதலில் விட்டம்தான் தெரிந்தது. அப்புறம் அப்பா. இடது கையைத் தூக்கிக் காட்டினார். அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

உங்கள்மேல் எனக்கு இரக்கம் வருகிறது. அதனாலேயே இன்னும் கோபம் வருகிறது. அவர் சொன்னார், நீங்கள் சரி என்றீர்கள். அம்மாவுக்குத் தெரியும், சவரியப்பனுக்குத் தெரியும், பஸ் ஸ்டாண்டு பூக்கடைவரை தெரிந்திருக்கும். பெற்ற மகளுக்கு மட்டும் தெரியாது. வெளிநாட்டில் இருப்பவளிடம் சொல்லக் கூடாது என்று நம் ஊரில் யார் விதித்தது? சொல்லியிருந்தால் ஓடிவந்திருப்பேன், ஆமாம். ஓடிவருவது என் பாத்தியதை அல்லவா? இந்த மூன்று மாதமும் அப்பா என்னை வெறுக்கிறார் என்று நினைத்துக்கொண்டு தினமும் தனியாகச் சோறு தின்றேன். அதை யார் திருப்பித் தருவார்கள்? பாசத்தால் செய்தோம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

குழுத்தலைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. பொய் எண்களை எடுத்துவிட்டோம். பிழை ஐந்து சதவீதத்துக்கு ஏறிவிட்டது. இருபத்தைந்து ஒளியாண்டு முன்னே பின்னே என்றது இப்போது எழுபது. நீட்டிப்பு இல்லை. அடுத்த மறைவு ஆகஸ்டில் வருகிறது, அப்போது சூரியன் பக்கத்திலேயே நிற்கும், பார்க்க முடியாது. அதற்கடுத்தது பிப்ரவரியில், என் வேலை முடிந்த பிறகு.

மற்ற நானூற்றுப் பதினொரு இரவையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். நம்பாமல்தான் உட்கார்ந்தேன். நிலா எழ வேண்டிய நேரத்தில் எழுந்திருக்கிறது, விழ வேண்டிய நேரத்தில் விழுந்திருக்கிறது. 2021 தை மாதம் ஒருநாள் குழாயைத் தட்டிவிட்டதில் நட்சத்திரம் படத்தின் ஓரத்துக்குப் போயிருக்கிறது. இன்னொரு நாள் பில்டரை மாற்றிப் போட்டுவிட்டு அரை மணி நேரம் கழித்துத் திருத்தியிருக்கிறீர்கள். ஒருநாள் இரண்டு மணிக்கு மேல் எண்ணே இல்லை, தூங்கியிருப்பீர்கள். தப்பும் தவறுமாக இருந்தவை எல்லாம் நிஜம். அது தெரிந்ததும்தான் எனக்கு அழுகை வந்தது.

அந்த நான்கு எண்களையும் எடுக்கவில்லை. தாழ்வான நட்சத்திரம், தடுமாறும் ஒளி, கணக்குக்குப் பெரிதாக உதவாது. சரியாகச் சோதித்துத்தான் வைத்தேன், சலுகை இல்லை.

டிசம்பர்வரை இருக்கப்போவதில்லை, ஜூன் மாதம் வருகிறேன். கீரமங்கலத்துக்கு வருகிறேன். மீமிசலுக்கு இல்லை. ஏர்போர்ட்டுக்கு வர வேண்டாம்.

மதி

*

மீமிசல்
15 பிப்ரவரி 2026

மதி,

நீ சிலியில் இருந்தபோது கடிதம் எழுதிக்கொண்டது சரி. இரண்டு பஸ் மாறினால் வந்துவிடும் தூரத்தில் இருந்துகொண்டு எழுதுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. எட்டு மாதமாக ஞாயிறு தவறாமல் மாமாவைப் பார்க்க வருகிறேன். நான் வாசலில் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டதும் நீ கொல்லைவழியாகத் தோட்டத்துக்குப் போய்விடுகிறாய். அத்தை காப்பி கொடுக்கிறார். மாமா கொல்லைப்பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் கிளம்புகிறேன். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. இப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

பத்தொன்பது, இருபது இரண்டு இரவும் மறைவு. இந்தமுறை அமாவாசை ஒட்டி வருவதால் நிலாத் தொந்தரவும் கிடையாது. உனக்கு இப்போது வேலை இல்லை, கட்டுரை அச்சாகிவிட்டது, இந்த எண்கள் எதற்கும் ஆகாது என்று நீ சொல்லலாம். எனக்கு அந்த இரண்டாம் இரவு பாக்கி இருக்கிறது. எடுத்து அனுப்புகிறேன். திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம்.

அருள்மணி

*

மீமிசல்
21 பிப்ரவரி 2026, காலை

மதி,

பத்தொன்பதாம் தேதி எண்களை இணைத்திருக்கிறேன். ஏழு மணி நேரம், நூற்றுத் தொண்ணூறு படம். ஏழு வருடத்தில் இப்படி ஒரு வானம் எனக்கு வாய்த்ததில்லை.

இருபதாம் தேதி எட்டு மணிக்குக் கிழக்கேயிருந்து மேகம் ஏறியது. பதினோரு மணிக்குக் கொஞ்சம் விலகும்போலப் போக்குக் காட்டிவிட்டு மூடிக்கொண்டது. விடியும்வரை மாடியில்தான் இருந்தேன். ஒரு படமும் இல்லை. இரண்டாம் இரவுக்கு எண் கிடையாது. அந்தத் தாளில் தேதியை மட்டும் எழுதி அப்படியே அனுப்புகிறேன்.

முதல் நாள் எண்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கை துறுதுறுக்கவில்லை என்று சொன்னால் அது பொய். துறுதுறுத்தது. இந்தமுறை காட்டிக்கொடுக்க நிலாவும் இல்லை. முழுசாக ஒன்றைக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நினைப்பு. லேப்டாப்பை மூடிவைத்துவிட்டுக் கீழே போய்க் குளித்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

பாக்கி பாக்கியாகவே நிற்கிறது. என்னால் ஆனது இவ்வளவுதான்.

அருள்மணி

*

கீரமங்கலம்
21 பிப்ரவரி 2026, மாலை

அத்தான்,

இருபதாம் தேதி இரவு நானும் மாடியில்தான் இருந்தேன். கையில் குழாய் எதுவும் இல்லை, சும்மா பாய் போட்டு உட்கார்ந்திருந்தேன். இங்கேயும் மேகம் மூடிக்கொண்டுதான் இருந்தது. செயற்கைக்கோள் படத்தையும் பார்த்தேன். மீமிசலுக்கு மேல் ஒரு விரல் அளவுகூடத் திறப்பில்லை.

விடிந்ததும் உங்கள் மெயில் வந்திருந்தது. இணைப்போடு வந்திருந்தது. இரண்டு இரவுக்கும் எண்கள் இருக்குமோ என்று பத்து மணிவரை திறக்கவில்லை. சமையல்கட்டுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அம்மா என்னடி என்றார், ஒன்றுமில்லை என்றேன். எண்கள் இருந்திருந்தால் உங்களுக்கு இனி எழுதியிருக்க மாட்டேன், அத்தான். அதை முடிவு செய்துவிட்டுத்தான் திறந்தேன்.

தேதி மட்டும் எழுதிய தாளைக் கடைத்தெருவில் பிரிண்ட் எடுத்துவந்து அப்பாவிடம் காட்டினேன். என்ன என்பதுபோலப் பார்த்தார். மேகம்ப்பா, ஒன்றும் கிடைக்கவில்லையாம், இல்லை என்றே எழுதி அனுப்பியிருக்கிறார் என்றேன். இடது கையை நீட்டித் தாளை வாங்கி மடிமேல் வைத்துக்கொண்டார். இன்னும் தரவில்லை.

என் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அது இருக்கிறது. எவ்வளவு நாள் இருக்கும் என்று எனக்கே தெரியவில்லை.

நாளை ஞாயிறு. நீங்கள் வருகிற நேரத்துக்கு நான் தோட்டத்துக்குப் போக மாட்டேன். வீட்டில்தான் இருப்பேன்.

மதி